பாம்பு என்னை மதிக்கவில்லை

அன்புள்ள கோமதிக்கு,

நீயும் அத்தையும் நலந்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: பாம்பு கடித்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஜெயசீலன்மேல் எனக்குப் பொறாமை. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

ஆம்பூர் கம்பெனி குடோனில் நானும் அவனும் உப்புத்தோல் கட்டைத் தூக்கினோம். அடியில் கிடந்த விரியன் முதலில் என் விரலைக் கடித்தது, பிறகு அவன் காலை. ஆஸ்பத்திரியில் இருவர் ரத்தத்தையும் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். என்னுடையது உறைந்துவிட்டது, விஷம் ஏறவில்லையாம். அவனுடையது தண்ணீராகவே நின்றது. அவனுக்குப் பாட்டில் பாட்டிலாக விஷமுறிவு மருந்து, எனக்கு ஒரே ஒரு டி.டி. ஊசி.

“இன்னாய்யா சுந்தரம், பாம்புகூட உன்ன கண்டுக்கலியே!” என்று சூப்பர்வைசர் தன்சீல் பாய் சிரித்தார்.

என்னையும் ஒருநாள் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்துக் கவனித்தார்கள். மறுநாள் காலையில் அவன் மனைவி மோகனா ஜோலார்பேட்டையில் ரயிலிறங்கி ஓடிவந்தாள். “கஞ்சி சூடாத்தான் கீது, ஊதித் தரட்டா?” என்று கஞ்சி ஊட்டினாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை.

நாரத்தங்காய் ஊறுகாயும், உன் பழைய சேலையில் தைத்த போர்வையும் அனுப்பு. ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன்
சுந்தரமூர்த்தி

பி.கு. நர்ஸ் நம் வீட்டு போன் நம்பரைக் கேட்டபோது, கடைசி இரண்டு எண்களை மாற்றிச் சொன்னவன் நான்தான்.