கம்பத்தில் படித்த அலை

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. பதினோரு வருடம் கடலில் நட்ட அளவுக் கம்பத்தைப் பார்த்து நான் படித்து நோட்டில் எழுதிய அலை உயரங்களை 'நம்பத்தக்கவை அல்ல' என்று ஒரே வரியில் அடித்துப் போட்ட அறிக்கையில் உன் கையெழுத்து இருக்கிறது. நீ சுகமாகத்தான் இருப்பாய், கையெழுத்து நடுங்காமல் திடமாக இருக்கிறது. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் தங்கைக்கு ஆறாம் மாதம், கால் வீக்கம் தவிர வேறு குறையில்லை.

அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் இயந்திரத்தை அடுத்த மாதம் நான் வேலை செய்யும் கடலோர ஆராய்ச்சிப் பூங்காவில் கடலுக்குள் இறக்குகிறார்கள். அதைப் பிடித்து நிறுத்தும் சங்கிலியின் கனத்தை உன் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்களாம். அடியில் முங்கிப்போய் அந்தச் சங்கிலியைப் பூட்டப்போகிறவர் உன் தங்கை புருஷன். கடலில் மிதந்தபடி அலையை அளக்கும் மிதவைக் கருவி சொன்னதை மட்டும் நீ எடுத்திருக்கிறாய். நான் பம்ப் ரூமில் துடைப்பம் பிடித்த காலத்திலேயே, சிப்பி அப்பாமல் இருக்க மிதவையின் அடிவயிற்றை மாதம் ஒரு தரம் சுரண்ட வேண்டும் என்று பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன், யாரும் சொல்லித்தரவில்லை. பூங்காப் படகுக்காரரும் நானும் சுரண்டியவரை மிதவையும் என் கம்பமும் ஒரே அளவுதான் காட்டின. பூங்காவுக்குப் புது இயக்குநர் வந்து கருவியை யாரும் தொடக்கூடாது என்றார். ஒன்றரை வருடமாகச் சிப்பி அப்பி, மூட்டை தூக்கியவன் மாதிரி அது பாதி அலையிலேயே உட்கார்ந்துவிடுகிறது. போன புயலில் அது மூன்று மீட்டர் என்றது, நான் கம்பத்தின் வர்ணக்கோடுகளை எண்ணினேன், நாலரை. மூன்றுக்குக் கணக்குப் போட்ட சங்கிலி நாலரை மீட்டர் அலையில் அறுந்தால், அடியில் இருப்பவர் கதி என்ன?

இது உனக்குத் தெரியாததல்ல. "உங்க நோட்டைச் சேர்த்தா பெத்தவளுக்காகச் சேர்த்தான்னு பேசுவாங்கம்மா" என்று போனில் சொன்னாயே. வேறு எவள் எழுதியிருந்தாலும் சேர்த்திருப்பாய். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், நீ கண்ணையும் வேறாக்கிவிட்டாய். இயக்குநரிடம் போனேன், "அறிக்கை எழுதினதே உங்க மகன்தானே, அவரையே கேளுங்கம்மா" என்று சிரித்தார். படகுக்காரர், "வெளியாள் அடிச்சா நியாயம் கேக்கலாம், வீட்டாளே அடிச்சா எங்கேக்கா போவீங்க" என்கிறார். மாப்பிள்ளையோ, "மச்சான் கணக்கு தப்பாது அத்தை" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இனி நடக்க வேண்டியது இது. இயக்குநர் மிதவையைக் கரையேற்றிச் சுரண்டி, கம்பத்துக்குப் பக்கத்தில் பத்து நாள் மிதக்கவிட வேண்டும். இழுத்து வரப் படகுக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்பா நோட்டு முழுவதையும் நகலெடுத்து உனக்கு அனுப்புவார். நான் வழக்கம்போல மூன்று வேளையும் கம்பத்தைப் படிப்பேன். நீ அந்த வரியை நீக்கச் சொல்லி எழுது, நோட்டு அம்மாவுடையது என்பதையும் மறைக்காமல் எழுது. வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். கோபம் இருப்பதால் என் ஆசி குறைந்துவிடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் மாப்பிள்ளைக்கு போன் போட்டு, கணக்கு தப்பு, இறங்காதீர்கள் என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார், உன்னை நம்புகிறார்.

இப்படிக்கு,
அம்மா