ஒழுங்கை முழுக்கக் கீரை

உடுவில்,
ஞாயிறு காலை.

அன்பான குணத்துக்கு,

நான் சுகம். நீர் நம்பமாட்டீர், அதனால்தான் போனை விட்டுவிட்டுக் காகிதத்தில் எழுதுகிறேன். போனில் என் முகத்தைக் கண்டதும் கண்ணைக் கசக்கத் தொடங்கிவிடுகிறீர். நான் சொல்வது எங்கே காதில் ஏறும்? லீவில் வந்த கஜீபன் நாளை ரொறன்ரோ திரும்புகிறான். பருத்தித்துறை வடையோடு இதையும் கொண்டுவந்து தருவான்.

மகள் உதயகலா சொன்னாள், நீர் ரிக்கற்றை மாற்றி அடுத்த கிழமையே வரப்போகிறீராம். பிள்ளை பெற்ற அவளையும் பச்சைக் குழந்தையையும் விட்டுவிட்டு வந்து, என் நாடியைப் பிடித்துக்கொண்டு இருக்கப் போகிறீரோ?

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். போன மாதம் கிளினிக்கில் சோதித்தபோது, இரத்தம் கட்டாமல் இருக்க நான் போடும் குளிசை சரியாக வேலை செய்யவில்லை என்றார்கள். எல்லாம் உம்மால்தான்! "அவருக்கு நெஞ்சு தாறுமாறாய் அடிக்குது, பாத்துக்கொள்ளுங்கோ" என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர். அருமைநாயகி அக்கா வல்லாரைச் சம்பல், பரமலிங்கத்தார் வீட்டில் முருங்கையிலை வறை, முன்வீட்டில் பொன்னாங்காணி. வேண்டாம் என்றால் கோபம். நானும் ஆடு மாதிரித் தின்று தள்ளினேன். இதைக் கேட்டு டொக்டர் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தா. "ஐயா, கீரை சாப்பிடலாம். ஆனா ஒவ்வொரு நாளும் ஒரே அளவாய்ச் சாப்பிடுங்கோ. கூடிக் குறைஞ்சா குளிசைக்கு ஒத்துவராது" என்றா.

இப்போது அயலவர்கள் முறைவைத்து, நாளுக்கு ஒரு வீடு, ஒரு அகப்பை மட்டும் தருகிறார்கள். இரத்தச் சோதனையும் சரிவந்துவிட்டது. சுன்னாகம் சந்தைக்குச் சைக்கிளில்தான் போகிறேன். எதிர்க்காற்று என்றால் இறங்கி உருட்டுகிறேன். இடைக்கிடை நெஞ்சு படபடக்கும்தான். வெங்காயத் தோட்டத்து வரம்பில் கொஞ்சம் இருந்தால் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும், கவலைப்படாதையும்.

நீர் இல்லாமல் வீடு வெறிச்சென்றுதான் கிடக்கிறது. அதற்காக ஓடி வராதையும். பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் கழியட்டும், கலா எழும்பி நடமாடட்டும். உங்கள் மூவரையும் நல்லூரான் காப்பான்.

இன்னொன்று, போனில் கேட்க வாய் வரவில்லை. பேரனைக் குளிப்பாட்டி மடியில் வைத்திருக்கும்போது, அவன் நெஞ்சில் ஒருக்கால் காதை வைத்துப் பாரும். என்னுடையதைப் போல இல்லாமல் சீராய் அடிக்கிறதா?

என் நெஞ்சைக் கேட்க இங்கே ஊரே இருக்கிறது. அவனுடையதைக் கேட்க நீர் அங்கே இரும்.

உம்முடைய,
இராசநாயகம்