அந்த மேசையில் டிராயர் இருந்தது, நைனா

அன்புள்ள நைனா,

முதலில் மன்னித்துக்கொள். பஸ் நம்பரும் உன் கையெழுத்தும் தவிர உனக்கு வேறு எழுத்து தெரியாது. தெரிந்தும் கடிதம் எழுதுகிறேன், அதுவும் நாலு பேர் படிக்கிற இடத்தில். நேரில் என்றால் இதில் பாதிகூட என் வாயிலிருந்து வந்திருக்காது. வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள்தானே நான்.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு காட்டுப்பாக்கம் போய்விட்டார்கள். எனக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. உன் குட்டி மேசைமேல்தான் லேப்டாப். சார்ஜர், மவுஸ், ஐடி கார்டு எல்லாம் அதன்மேலேயே கிடந்து, அம்மா துடைக்கும்போதெல்லாம் கீழே விழுகின்றன. அதனால்தான் டிராயர் போட நினைத்தேன்.

ஒன்பதாவது படிக்கும்போது இதையேதான் உன்னிடம் கேட்டேன். பாடி கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து, பழைய சாமான் கடையில் அந்த மேசையை வாங்கி, ஆட்டோவில் ஏற்றி அம்பத்தூருக்குக் கொண்டுவந்தாய். மறுநாளே ஒரு டிராயர் வேண்டும் என்றேன். "இதுக்கு டிராயர் தாங்காது கண்ணு, காலு ஆடும்" என்றாய். பிளஸ் டூவில் கேட்டபோதும் அதையே சொன்னாய். கல்லூரியில் சேர்ந்தபோதும் அதேதான். இரும்பையே வளைக்கிற உனக்குத் தெரியாததா என்று நானும் விட்டுவிட்டேன்.

நம் வீடு ஒற்றை அறை. என் பையை யார் வேண்டுமானாலும் திறப்பார்கள். அதனால் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுவேன். இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, கிழித்து, துணி ஊறுகிற பக்கெட்டில் போட்டுவிடுவேன். கொஞ்ச நேரத்தில் மாவாகிவிடும். என்ன எழுதினேன் தெரியுமா? பெரும்பாலும் உன்னைப் பற்றித்தான். பிரஸ் மெஷினில் விரல் நசுங்கிய அன்று நீ இடது கையால் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவைச் சிரிக்க வைத்தாயே, அதை நாலு பக்கம் எழுதினேன். அதுவும் பக்கெட்டில்தான் போனது.

போன ஞாயிற்றுக்கிழமை அடுத்த தெரு கார்பென்டர் சேகர் அண்ணன் வந்தார். மேசையைக் கவிழ்த்ததும் சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா, புச்சா டிராயர் போடணும்னு கூப்ட்ட? இதுல ஏற்கெனவே இருந்துகீதே!"

"இல்லண்ணா, இதுக்குத் தாங்காதுன்னு..."

"எவன் சொன்னது? டிராயர் ஓடுற கட்டை ரெண்டு பக்கமும் அப்டியே கீது பாரு. மின்னாடி மட்டும் ஒரு பலகைய வச்சு ஆணி அடிச்சிகீறான். அடிச்சவன் கெட்டியான ஆளும்மா, புடுங்கவே முடியல."

அந்தக் கெட்டியான ஆள் யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"டிராயர் எங்கம்மா?"

"இப்ப இன்னாத்துக்குடி அதெல்லாம்?" பிறகு மெதுவாகச் சொன்னாள். "சாமி படத்துக்குக் கீழ கீதே, அதான்."

ரேஷன் கார்டும் கேஸ் புக்கும் என் மார்க் ஷீட்டும் இருக்கிற, மூடியில்லாத மரப்பெட்டி! கம்பெனியில் பேக்கிங் கட்டையில் செய்தது என்று சொன்னாயே, அந்தப் பெட்டி. சேகர் அண்ணன் பலகையைப் பெயர்த்து எடுத்துவிட்டு அதை உள்ளே தள்ளினார். இம்மிகூட இடிக்காமல் போய் உட்கார்ந்தது. கைப்பிடி இருந்த ஓட்டைகளையும் சாவி ஓட்டையையும் மெழுகு வைத்து அடைத்திருந்தாய்.

"பின்தெரு பொண்ணு ஒருத்தி டிராயர்ல செல்போன வச்சுப் பூட்டிக்கினு, கடைசில ஒரு பையனோட போய்ட்டா இல்ல? அந்த வாரம்தான் மேசை வாங்கனாரு. பயந்துட்டாருடி. பொட்டப் புள்ளைக்குப் பூட்டு இன்னாத்துக்குன்னு, நீ பாக்கறதுக்கு மின்னாடியே கயட்டிட்டாரு. எங்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னாரு" என்றாள் அம்மா. "உன்னத் தப்பா நெனைக்கலடி."

வேறு எப்படி நினைத்தாய் நைனா? எனக்கு வேலை கிடைத்த அன்று தெருவெல்லாம் சொன்னாய், "எம் பொண்ண கண்ண மூடிக்கினு நம்புவேன்" என்று. அந்த ஒரு வார்த்தைக்காகப் பஸ்ஸில் ஒரு பையன் பக்கத்தில்கூட உட்காராமல் வந்தவள் நான்.

பூட்டு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பேன், மறந்திருப்பேன். நீ பழியை மேசைமேல் போட்டாய். நானும் அதன் கால் ஆடிவிடுமோ என்று பத்து வருஷம் புத்தகத்தைக்கூடப் பார்த்துப் பார்த்து அடுக்கினேன். முழங்கை ஊன்றாமல் எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாயே, அப்போது ஒருநாளாவது சொல்லத் தோன்றவில்லையா?

நான் எழுதுவதை உன்னால் படிக்க முடியாது என்பதுதான் உன் பயமா? கேட்டிருந்தால் படித்துக் காட்டியிருப்பேனே. கூச்சப்பட்டுக்கொண்டாவது.

"பூட்டு வைக்கணுமா?" என்று சேகர் அண்ணன் கேட்டார். "அதெல்லாம் வேணாம்பா" என்றாள் அம்மா.

"வைங்கண்ணா" என்றேன்.

"அட, பொண்ணு பேசுதே!" என்று சிரித்துக்கொண்டே ஸ்க்ரூவைத் தேடினார். அம்மா ரேஷன் கார்டையும் கேஸ் புக்கையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டினாள்.

இப்போது அதில் சார்ஜரும் மவுஸும் ஒரு நோட்டும் இருக்கின்றன. உன் விரல் நசுங்கிய நாளை மறுபடியும் எழுதிப் பார்த்தேன். அரைப் பக்கம்தான் வந்தது. மீதி எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த மாதம் உன் வருஷப் படையல். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, உன் பீடிக்கட்டு எல்லாம் இருக்கும். நானே சமைப்பேன். கோபத்தில் ஒரு பண்டத்தைக்கூடக் குறைக்க மாட்டேன், இது சத்தியம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கேட்கலாமா என்று இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளைக்கு என் கனவில் வராதே, நைனா. அம்மா கனவுக்குப் போ. ஒரு தடவைகூட நீ வரவில்லை என்று ஏங்குகிறாள். என்னிடம் வந்து "இன்னா கண்ணு, சாப்ட்டியா?" என்று நீ கேட்டுவிட்டால் அந்த நிமிஷமே என் கோபம் போய்விடும். எனக்கு அது இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். தீர்ந்ததும் நானே கூப்பிடுகிறேன்.

உன் ஒரே பொண்ணு,
செல்வி