சம்பாதிக்காத மனைவி என்று ஒரு கையெழுத்து

ஜனவரி 14, செவ்வாய்

லுபோஷ் ஆபீஸிலிருந்து ஒரு தாளோடு வந்தான். 'கணவர் சம்பளத்தில் வாழ்கிறேன். மூன்று வயதாகாத குழந்தையை வீட்டிலிருந்து பார்த்துக்கொள்கிறேன். போன வருடம் என் வருமானம் அறுபத்தெட்டாயிரம் கொருனாவைத் தாண்டவில்லை.' இதன் கீழே நான் கையெழுத்துப் போட்டால் அவனுடைய வரியில் இருபத்து நாலாயிரத்துச் சொச்சம் குறையுமாம்.

"நீ சும்மா உக்காந்திருக்கறதுக்கு அரசாங்கம் குடுக்கற பரிசு. போடு" என்றான்.

என் இடுப்பில் குழந்தை அமால்கா, கையில் அவனுடைய சூப். சும்மா உட்கார்ந்திருக்கிறேனாம்!

ஜனவரி 15

போன வருடம் பிஸ்கட் விற்ற ரசீதுகளைக் கூட்டினேன். எண்பத்தோராயிரம். எங்கள் பீசெக் ஊரில் பாதி வீடுகளின் கிறிஸ்துமஸ் மேஜையில் என் பிறை பிஸ்கட்தான்.

நான் எதையும் மறைக்கவில்லை. லைசென்ஸ் என் பெயரில். டப்பாக்கள் இரண்டு மாதம் ஹாலில் அவன் காலில்தான் இடித்தன. "உன் பிஸ்கட் விளையாட்டு" என்று தாண்டிப் போனான். எவ்வளவு வந்தது என்று ஒரு நாள் கேட்டிருப்பானா? துரை கேட்கவே மாட்டார்.

ஜனவரி 19, ஞாயிறு

மாமியார் வீட்டில் வாத்து விருந்து. அந்த வரிப் பணம் வரப்போகிறது என்று புது கிரில் அடுப்புக்குச் சொல்லிவிட்டதாக அறிவித்தான்.

"குடுத்து வச்சவ" என்று மாமியார் என்னைப் பார்த்தாள். "நாங்கல்லாம் கைக்கொழந்தைய காப்பகத்துல விட்டுட்டு மில்லுக்கு ஓடினோம்."

வாத்தை மென்றேன். வேறு என்ன செய்ய?

பிப்ரவரி 10

சொல்லிவிட்டேன்.

"கையெழுத்துப் போட மாட்டேன். எண்பத்தோராயிரம் வந்திருக்கு."

"எதுல? அந்த பிஸ்கட்லயா?" சிரித்தான். ரசீதுக் கட்டை மேஜையில் வைத்தேன். சிரிப்பு நின்றது. கட்டை என் பக்கமே தள்ளினான். "யாருக்குத் தெரியப் போகுது? பேசாம போடு."

"உங்க ஆபீஸ்ல சம்பளம் போடற போஹுனா அம்மாவுக்குத் தெரியும். கம்பெனி பார்ட்டிக்குப் பதினெட்டு கிலோ எங்கிட்ட வாங்கினதே அவங்கதான். அங்க தின்னுட்டு வந்து எங்கிட்டயே சொன்னியே, 'இதுதான் பிஸ்கட், கத்துக்கோ'ன்னு. அதேதான்!"

அந்த முகத்தைப் பார்க்க எத்தனை டிக்கெட் வேண்டுமானாலும் வாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 11

பேச்சு இல்லை. நிம்மதி.

பிப்ரவரி 14

மனைவிக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, தாளைக் கொடுத்துவிட்டானாம். கிரில் அடுப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நான் ஜெயித்தேனா? அப்படித் தோன்றவில்லை. ஆறு வருடமாக இந்த ஆளிடம் போய் ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்தேனே — வலிக்கிறது. என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

நவம்பர் 23, ஞாயிறு

மாமியார் வந்தபோது லுபோஷ் என் கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுக்கு வால்நட் அரைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, வீட்ல சும்மா இருக்கறவ அரைக்க மாட்டாளாமா?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "அவளுக்கு நூத்தம்பது கிலோ ஆர்டர் இருக்கும்மா. கையக் கழுவிட்டு வா, இல்லன்னா பேசாம உக்காரு."

கழுவிக்கொண்டு வந்தாள்!

பிறைகளில் பாதியை உடைத்துவிட்டான், தடியன். உடைந்ததையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு அவன் முன்னால் தள்ளினேன்.

"என்ன, சம்பளமா?" என்றான்.

"பரிசு" என்றேன். "சும்மா உக்காந்திருக்கறதுக்கு."