குடுவைக்குள் காளியண்ணன்

பிரிஞ்சாங் தோட்டம்
3.3.2024

கோவக்காரி அம்மாக்கண்ணுக்கு,

லேப்ல நான் வளர்றேன்னு சொல்லி விட்டா பொய்யிங்கிறியாமே, யாருடி பொய் சொல்றது? வாயில தையல் போட்டிருக்கு, போன்ல பேச முடியல. அதான் ஆண்டியப்பன் காய்கறி லோரியில கடுதாசி குடுத்து விடுறேன்.

என் கன்னத்துல அறுத்தாங்களே புத்துக்கட்டி, அதுல ஒரு துண்ட லேப்ல ரூபினி டாக்டர் செவப்புத் தண்ணி ஊத்தி குடுவையில வச்சிருக்காங்க. மத்தவங்க துண்டெல்லாம் செத்துப்போச்சாம். என்னுது மட்டும் ஒட்டிக்கிட்டுப் பெருகுது லா! குடுவை நெறைய நெறைய வேற குடுவைக்கு மாத்துறாங்களாம். வருசக்கணக்கா வளத்து, எந்த மருந்து புத்துநோயக் கொல்லும்னு அதுல பாப்பாங்களாம். வெத்தலைக்காரன்னு விட்டுட்டுப் போனியே, இப்பப் பாரு!

ஒண்ணுதான் எடஞ்சல். வேற ஆளோடது கலந்துருச்சான்னு பாக்க என் ரத்தம் வேணுமாம். ஒத்துப்போகலன்னா அத்தனையும் குப்பைக்கு. ஊசியப் பாத்தேன், ஓடியாந்துட்டேன். நீ வந்து கையப் புடிச்சா குத்திக்குவேன்.

லேப்ல வளர்ற உன் புருசன்,
காளியண்ணன்


கோலா தெர்லா
5.3.2024

ஊசிக்குப் பயந்த வீரருக்கு,

தேயிலக் காட்டுல பாம்ப வாலப் புடிச்சுத் தூக்குன ஆளு, ஊசிக்கு ஓடுறீங்களா? வெத்தலய விடுங்கன்னு தொண்ட கிழியக் கத்துனேன். இப்ப அந்தக் கட்டிக்குப் பெரும வேற.

ஆனா வேற யாரு வீட்டு ஆளாச்சும் அதால பொழைக்கும்னு மக விக்னேஸ்வரி சொல்றா. போயிக் குத்திக்கங்க. கையப் புடிக்க வரமாட்டேன். உங்களுதுதான்னு டாக்டர் சொல்லட்டும், அன்னைக்கு வீட்டுக்கு வர்றேன். வந்ததும் மொத வேல, உங்க வெத்தலப் பொட்டியத் தூக்கி வாய்க்கால்ல போடுறதுதான்.

என் தோடு ஒண்ணு அங்க விழுந்திருக்கும். தேடி வைங்க.

அம்மாக்கண்ணு


நம்ம வீடு
2.4.2024

எதுக்க உக்காந்து மொறைக்கிறவளுக்கு,

வாய் இன்னும் சரியாத் தொறக்கல. அதான் மூஞ்சிக்கு முன்னாலயே எழுதிக் காட்டுறேன். படி.

என்னுதேதான்! கலப்பே இல்ல! ரூபினி டாக்டர் போன்ல போட்ட சத்தத்துல காது அடைச்சுப்போச்சு. ஊசி குத்தறப்ப மனசுக்குள்ள உன்னத் திட்டிக்கிட்டே இருந்தேன், வலிக்கவே இல்ல. என் பேர வைக்கக்கூடாதாம், நம்பருதான். கொஞ்சத்த ஒறைய வச்சுட்டாங்க, கொஞ்சத்துல மருந்து ஊத்துறாங்க. ஒரு மருந்துக்குச் சுருண்டுருச்சாம்! உன் வாய அங்க கொண்டு போயிருந்தா மருந்தே தேவைப்பட்டிருக்காது.

ஏய், எங்க எந்திரிக்கிற? முழுசாப் படிச்சுட்டுப் போ. பொட்டியக் கீழ வையி! வெத்தலய ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டேன் புள்ள. வாய்க்கால்ல போட்றாத, அதுக்குள்ள இருக்கறது உன் தோ