என் வீட்டில் இல்லாத இரண்டு நாய்கள்

டிப்பரரி, அயர்லாந்து,
ஞாயிறு காலை

அன்புத் தம்பி ஃபின்டனுக்கு,

பல வருடங்களுக்கு முன் மூன்றாம் வகுப்பில் ஓர்லா என்ற சிறுமி என்னிடம் கேட்டாள்: “டீச்சர், பந்தயத்துல தோத்துப்போற நாயெல்லாம் அப்புறம் எங்க போகும்?” “நல்ல வீட்டுக்குப் போகும்மா” என்று சொல்லிவிட்டுப் பின்னக் கணக்குக்குத் திரும்பினேன். எனக்கே தெரியாத பதில் அது.

இங்கே மழை விடவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? குதிரை, நாய்ப் பந்தயங்களுக்கான அரசுப் பணம் குறித்து வியாழக்கிழமை பாராளுமன்றத்தில் நீ பேசுகிறாய் என்று வானொலியில் கேட்டேன். ஓய்வு பெற்ற நாய்களெல்லாம் நல்ல வீடு சேர்ந்துவிட்டன என்று நம் மாவட்டப் பட்டியலைக் காட்டப் போகிறாயாம். தம்பி, அந்தப் பட்டியலில் மூன்று நாய்கள் என் பெயரில் இருக்கின்றன. என் வீட்டில் இருப்பது ஒன்றுதான்.

வசந்த காலத்தில் பந்தய நாய் வளர்க்கும் பக்கத்துப் பண்ணை டோனல் குவெர்க், ஓய்வு பெற்ற நாய்களை நான் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும் மூன்று படிவங்களோடு வந்தான். “ஒரு கையெழுத்துதான் டீச்சர். இடம் கிடைச்சதும் நானே கொண்டுபோய் விட்டுடுவேன். காகிதம் காலியா இருந்தா லைசென்ஸ் போயிடும்” என்றான். உன் அத்தானை லிமெரிக் ஆஸ்பத்திரிக்குப் பனியில் ஓட்டிச் சென்றவன் அவன். கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பரில் ஓர் இளம் ஆய்வாளர் வந்தார். நாய்களின் காதில் பச்சை குத்திய எண்கள் அடங்கிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “பாக்கலாமா மேடம்?” என்றார். “நடக்கக் கூட்டிட்டுப் போயிருக்காங்க” என்றேன். தேநீர் குடித்தார், “பார்த்தாச்சு” என்று எழுதிக்கொண்டு போனார். வராத தோழிக்காக ஒருத்தி “உள்ளேன் டீச்சர்” என்று குரல் கொடுத்தால், நான் எவ்வளவு கோபித்திருக்கிறேன்!

மறுநாளே டோனலின் கொட்டடிக்குப் போய் மூன்றையும் கேட்டேன். ஒரு கறுப்புப் பெண் நாயைக் கொண்டுவந்தான். “மத்த ரெண்டும்?” தொப்பியைக் கையில் உருட்டினான். “இங்கிலாந்துப் பக்கம்னு வச்சுக்குங்களேன் டீச்சர்.” “வச்சுக்க முடியாது டோனல். எந்த ஊரு, எந்தத் தெரு?” “ரிட்டயர் ஆகியும் விட மாட்டேங்கறீங்களே” என்றான். அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கூட்டிவந்த கறுப்பி மாடிப்படியின் அடியில் நின்று மேலே பார்க்கிறாள். அவள் வாழ்நாளில் படிக்கட்டைக் கண்டதில்லை. தினமும் கொஞ்சம் பழக்குகிறேன். மூன்றாவது வரை வந்துவிட்டாள்.

நேற்று என் கையெழுத்து பொய் என்று அதிகாரிகளுக்கு எழுதிவிட்டேன். தபாலில் போடும் முன் டோனலிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். வாரந்தோறும் என் குப்பைத் தொட்டியை வாசலிலிருந்து உள்ளே எடுத்து வைப்பவன், நேற்று வைக்கவில்லை. இன்று காலை பார்த்தால், உள்ளே இருக்கிறது.

பணத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. பந்தய மைதானம் மூடினால் டோனல் வீட்டைப் போல எத்தனை வீடுகள் தவிக்கும் என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். கொடு, ஆனால் நாயைக் கண்ணால் பார்த்த பிறகு கொடு என்று சொல். கட்சியில் முகம் சுளிப்பார்கள். “அக்காவே பொய்க் கையெழுத்து போட்டவ” என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். என் பெயரை நீயே முதலில் சொல்லிவிடு. எனக்கு அதில் வருத்தமில்லை. சரிபார்க்காத பட்டியலை மட்டும் என் தம்பி வாயால் படிக்கக் கூடாது.

அப்பா உன்மேல் வைத்த நம்பிக்கையும் என் பிரார்த்தனையும் உன்னோடு இருக்கட்டும். புதன்கிழமைக்குள் ஒன்று செய். அந்தப் பட்டியலில் என் பெயரைத் தவிர ஏதாவது ஒரு பெயரில் விரலை வை. அந்த வீட்டுக் கதவைத் தட்டி, நாயைக் காட்டச் சொல்.

உன் அக்கா,
அசம்ப்டா