ஈரம் படாத கேமரா

டிசம்பர் 3

கேமராவுக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது. பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எனக்கு நானே வாங்கிக்கொண்ட பரிசு. மூன்று வருடமாகத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். தூசி எப்படி உள்ளே போகும்? போகவில்லை. பூஞ்சை போயிருக்கிறது.

ரிப்பேர் கடை இப்ராஹீம் லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். உள்ளே நூல் நூலாக வெள்ளை.

"அண்ணே, ஈரத்தையும் சேத்துல்ல கட்டிப் போட்டிருக்கீங்க! இந்தத் தடவ துடைச்சுத் தர்றேன். மறுபடி வந்தா லென்ஸ் போச்சு லா."

உட்லண்ட்ஸ் வீடு வரை ரயிலில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 7

கேமராவை ஈரம் அண்டாமல் வைக்கும் டிரை கேபினட் வந்தது. கண்ணாடிக் கதவு, ஈரப்பதம் காட்டும் சிவப்பு எண். 45-இல் நிற்க வேண்டும். மனைவி ரோசம்மாவின் தையல் மிஷினை நகர்த்திவிட்டு அங்கே வைத்தேன். அவள் சிரித்தாள். அதுதான் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 9

காலை 45. மதியம் 46. ஏன்?

டிசம்பர் 20

கேபினட்டுக்குள் முறுக்கு! கிறிஸ்துமஸுக்குச் சுட்டது, இரண்டு டப்பா. என் லென்ஸுக்குப் பக்கத்தில் எண்ணெயும் மாவும்!

"நமுத்துப் போகாம இருக்கும்ல?" என்றாள்.

நான் கத்தினேன். அவள் கத்தவில்லை. "மூணு வருஷத்துல இதுல எத்தன படம் எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்று. ஜன்னல், மின்விசிறி, ஒரு முட்டை. எல்லாம் சோதனைப் படங்கள். ஒன்றில்கூட மனித முகம் இல்லை.

டிசம்பர் 21

சோறு வந்தது. குழம்பு வரவில்லை.

ஜனவரி 12

பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் மாடு கட்டியிருக்கிறார்கள், பார்க்க வேண்டும் என்றாள். சமாதானமாகப் போகட்டுமே என்று சர்ச்சில் பூசை முடிந்ததும் கிளம்பினோம். கேமராவும் வந்தது. லென்ஸுக்கு முன்னால் பாதுகாப்புக் கண்ணாடி, மேலே குளியல் தொப்பி, அதற்கும் மேலே குடை.

கேம்பல் லேனில் ஒரே கூட்டம், வைக்கோல் தூசி. ஒரு படம்தானே என்று தொப்பியைக் கழற்றிக் குனிந்தேன். மாடு நாக்கை நீட்டி லென்ஸை நக்கிவிட்டது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

கை ஓடவில்லை. ரோசம்மா கேமராவைப் பிடுங்கி, சேலைத் தலைப்பால் — சேலைத் தலைப்பால்! — அழுத்தித் துடைத்தாள்.

"ஏங்க, அப்படியே நில்லுங்க."

க்ளிக்.

ஜனவரி 14

இப்ராஹீம் கடைக்கு ஓடினேன். "எச்சில், கீறல் எல்லாம் முன்னாடி மாட்டின கண்ணாடியோட சரி. லென்ஸுக்கு ஒண்ணுமில்ல," என்றார். சோதிக்கும்போது திரையில் அந்தப் படம் வந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். பக்கத்தில் மாடு திருப்தியாக நாக்கைச் சுழற்றுகிறது. மனிதர் ரொம்ப நேரம் சிரித்தார்.

"யாரு எடுத்தது?"

"வீட்டுக்காரம்மா."

"அவங்க கையிலயே குடுத்துடுங்கண்ணே. உங்களுக்கும் நிம்மதி, கேமராவுக்கும் நிம்மதி."

கோபம் வந்தது. திரும்பும்போது ரயிலில் அந்தப் படத்தை நான்கு தடவை பார்த்தேன். நன்றாகத்தான் எடுத்திருக்கிறாள்.

ஜனவரி 19

எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லிக்கொடுத்தேன். பாதியிலேயே "தெரியுது, விடுங்க" என்றாள்.

பிப்ரவரி 8

ரோசம்மா காலையிலேயே கேமராவோடு பொங்கோலுக்குப் போய்விட்டாள். அங்கே கால்வாயில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று குட்டி போட்டிருக்கிறதாம். நான் மீன் குழம்பு வைத்தேன்.

பத்து மணிக்குக் கொட்டோ கொட்டென்று மழை. போன் போட்டேன்.

"நனைஞ்சிட்டியா?"

"இல்லங்க, பாலத்துக்கு அடியில நிக்கிறேன். குட்டி நாலு!"

"மழை விடட்டும். மெதுவா வா."

போனை வைத்து, குழம்பை இறக்கி, அப்பளமும் பொரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. கேமராவைப் பற்றி நான் கேட்கவே இல்லை.